பில்லிங் ஏபிஐ இரண்டாம் பதிப்பு: உங்கள் கோடில் மாற வேண்டியவை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடை மென்பொருளை எங்கள் பில்லிங் சேவையோடு இணைக்கும் ஏபிஐயின் இரண்டாம் பதிப்பு தயாராகிவிட்டது. முகவரியில் வி1 இருந்த இடத்தில் வி2 போட்டால் மட்டும் வேலை முடியாது. சில விதிகளே மாறுகின்றன. இந்த மடலை அப்படியே உங்கள் டெவலப்பரிடம் கொடுத்துவிடலாம்.

முதலில் இரட்டை பில் விவகாரம். நீங்கள் அனுப்பிய ரிக்வெஸ்ட் எங்கள் சர்வருக்கு வந்து பில் பதிவாகிவிடுகிறது. பதில் திரும்பும் வழியில் நெட் போய்விடுகிறது. உங்கள் பக்கம் தெரிவது டைம்-அவுட் மட்டும்தான். திரும்ப அனுப்பினால் ஒரே விற்பனைக்கு இரண்டு பில், ஸ்டாக்கும் இரண்டு முறை குறையும், மாதக் கடைசியில் ஜிஎஸ்டி கணக்கு உதைக்கும். அனுப்பாமல் விட்டால், ரிக்வெஸ்ட் வந்தே சேராத நாளில் பில்லே இருக்காது. இணையத்தில் ரிக்வெஸ்ட் அனுப்புவதற்கான ஹெச்டிடிபி விதிப்படி கெட் (படிக்க), புட் (மாற்றி எழுத), டெலீட் (நீக்க) ஆகியவற்றை எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒருமுறை அனுப்பியதற்குச் சமம். புதிதாகப் பதியும் போஸ்டுக்கு அந்த உறுதி கிடையாது. பில் போடுவதோ போஸ்டில்தான்.

அதனால் வி2-வில் ஒவ்வொரு போஸ்டுடனும் 'ஐடம்பொடன்சி-கீ' ஹெடர் (ரிக்வெஸ்டோடு போகும் கூடுதல் குறிப்பு) கட்டாயம். அதில் ஒரு யூயூஐடி, அதாவது வேறெதோடும் ஒத்துப்போகாத ஒரு அடையாளக் குறி, வரவேண்டும். அதே கீ மறுபடி வந்தால் புது பில் போடாமல் முதலில் தந்த பதிலையே திருப்பித் தருவோம். கீ ஒன்றாக இருந்து பில் விவரம் வேறாக இருந்தால் பதிலின் ஸ்டேட்டஸ் கோட் 422. முதல் ரிக்வெஸ்ட் இன்னும் முடியாமல் இருந்தால் 409. பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: திரும்பத் திரும்ப முயலும் ரீட்ரை லூப்புக்குள்ளேயே கீயை உருவாக்குவது. ஒவ்வொரு முயற்சிக்கும் புதுக் கீ பிறந்தால் இந்த ஏற்பாடே வீண். கேஷியர் பட்டனை அழுத்தியதும் கீயை உருவாக்கி, விற்பனைப் பதிவோடு டேட்டாபேஸில் எழுதிவிட்டு, அதன் பிறகு அனுப்புங்கள். கம்ப்யூட்டர் நடுவில் அணைந்தாலும் கீ தப்பும். மடலில் உள்ளவற்றில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால், இதைச் செய்யுங்கள்.

அடுத்தது, பிழைகள். வி1 எதற்கும் 200, அதாவது வெற்றிக்கான கோட், தரும்; தோல்வி உள்ளே ஜேசானில் (பதிலின் தரவுப் பகுதியில்) இருக்கும். ரீட்ரை லைப்ரரிகளும் கண்காணிப்புக் கருவிகளும் பெரும்பாலும் ஸ்டேட்டஸ் கோடைத்தான் பார்க்கின்றன. அவற்றுக்கு அது வெற்றி. வி2-வில் 400, 422 வந்தால் தரவில் தப்பு, திரும்ப அனுப்பிப் பயனில்லை. 429 (ரிக்வெஸ்ட் அளவு மீறியது), 503 (சேவை தற்காலிகமாக இல்லை) வந்தால் 'ரீட்ரை-ஆஃப்டர்' ஹெடர் சொல்லும் நொடிகள் பொறுங்கள். 500-க்கும் (சர்வரின் உள் பிழை) டைம்-அவுட்டுக்கும் அதே கீயோடு 1, 2, 4, 8 நொடி இடைவெளியில் முயலுங்கள். இடைவெளியில் கொஞ்சம் தற்செயல் எண்ணும் சேரட்டும், இல்லையென்றால் சர்வர் எழுந்ததும் எல்லாக் கடைகளும் ஒரே நொடியில் மோதும். பிழையின் வடிவம் 2023-இல் வந்த ஆர்எஃப்சி 9457 என்ற இணையத் தர ஆவணத்தை ஒட்டியது. 'டைப்' மதிப்பை வைத்து முடிவெடுங்கள். 'டீடெயில்' மனிதர் படிக்க; அதன் வாசகம் எப்போது வேண்டுமானாலும் மாறும்.

தொகை இனி பைசாவில், முழு எண்ணாக வரும்: ₹1,249.50 என்பது 124950. ஜாவாஸ்கிரிப்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருவதுதான் காரணம். பில் ஐடி எண்ணாக இல்லாமல் ஸ்ட்ரிங்காக வரும், ஏனென்றால் 9007199254740991-க்கு மேல் ஜாவாஸ்கிரிப்டில் முழு எண்கள் நம்பகமில்லை. (எக்செலில் 16 இலக்க எண்ணை ஒட்டி, கடைசி இலக்கம் பூஜ்யமாவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.)

பில் பட்டியலுக்குப் பக்க எண் கிடையாது, கடைசியாக எங்கே நிறுத்தினோம் என்று காட்டும் கர்சர்தான். நடுவில் புது பில் விழுந்தாலும் ஒரே பில் இரண்டு பக்கத்தில் வராது. பதிலில் புதுப் புலங்களை (ஃபீல்டுகளை) முன்னறிவிப்பின்றிச் சேர்ப்போம். தெரியாத புலத்தைக் கண்டால் உங்கள் கோட் கண்டுகொள்ளாமல் போகவேண்டும். இருக்கும் புலத்தை நீக்குவதோ பெயர் மாற்றுவதோ அடுத்த பதிப்பில் மட்டும்.

வி1 நிற்கும் தேதி அதன் ஒவ்வொரு பதிலிலும் 'சன்செட்' ஹெடரில் வரும். மாறுவதற்கு முன் சோதனைச் சர்வரில் ஒரு பில் அனுப்பி, பதில் வருமுன் நெட் கேபிளைப் பிடுங்குங்கள். மாட்டிவிட்டு அதே கீயோடு மறுபடி அனுப்புங்கள். பில் பட்டியலில் ஒன்றுதான் இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
ஏபிஐ குழு