பழைய லேத் வீட்டுக்கு வரும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே சிறு பட்டறை அமைத்துக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றி அண்மையில் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்து மகிழ்ந்தேன். கோவையில் பம்ப் தொழிற்சாலை ஒன்றில் டர்னராக, அதாவது லேத் எனும் கடைசல் இயந்திரத்தில் இரும்பைச் சுழலவிட்டுக் கடைகிறவனாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடைசல் வேலைக்கு இனி ஆள் வராது என்று எங்கள் தலைமுறை புலம்பிக்கொண்டிருந்தபோது, கணினி நிறுவனங்களில் வேலை செய்கிற பிள்ளைகள் சொந்தச் சம்பளத்தில் பழைய லேத் வாங்கி, கார் நிறுத்தும் இடத்தில் வைத்துக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது நெஞ்சுக்கு இதமான செய்தி. ஆனால் இயந்திரம் லாரியிலிருந்து இறங்குவதற்கும் முதல் இரும்புச் சுருள் விழுவதற்கும் இடையே செய்ய வேண்டியவற்றைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. விபத்துக்கும் ஏமாற்றத்துக்கும் வித்திடுவது அந்த இடைவெளிதான்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி, மூடப்பட்ட பட்டறை ஒன்றின் நாலரை அடி லேத்தை வியாபாரி ஒருவர் மூலம் வாங்கினார். பச்சைப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. பெல்ட் மூடியும் கியர் மூடியும் இல்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் வேலைக்கு இடைஞ்சல், எல்லாரும் கழற்றித்தான் ஓட்டுகிறார்கள்" என்று பதில் வந்ததாம். லேத்தை முதன்முதலாகத் தொடப்போகிறவரிடம் இப்படிச் சொல்லி விற்க எப்படி மனம் வருகிறது? பட்டறையில் என்றால் பக்கத்தில் ஒரு மேஸ்திரி நிற்பார். வீட்டில் அந்தத் தம்பி தனியாக நிற்கிறார், காலுக்கடியில் குழந்தை ஓடி வருகிறது. மூடி இல்லாத லேத்தை வீட்டுக்கு விற்கக் கூடாது. வாங்குகிறவரும் மூடி இல்லையென்றால் தகடு வளைத்து ஒன்று செய்து மாட்டிய பிறகே பெல்ட்டைப் போட வேண்டும்.

வாங்கப் போகும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், மற்ற பாகங்களைத் தாங்கும் நீளமான வார்ப்பிரும்பு அடித்தளமான பெட்டைப் பாருங்கள். பெரும்பாலான வேலை, கடையும் பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்கு அருகிலேயே நடப்பதால் தேய்மானமும் அங்கேதான் அதிகம். வெட்டும் டூலைச் சுமந்து பெட்டின் மேல் நகரும் சாடிலின் ஆட்டத்தைச் சக் பக்கத்தில் நீக்கி இறுக்கிவிட்டு, மறுகோடியில் இருக்கும் டெயில் ஸ்டாக் பக்கம் நகர்த்திப் பாருங்கள். அங்கே போய் இறுகிப் பிடித்துக்கொண்டால் பெட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று புரிந்துவிடும். சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலுக்கு அடியில் மரக்கட்டையைக் கொடுத்து நெம்பி, நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜில் முள் எவ்வளவு நகர்கிறது, அதாவது ஸ்பிண்டில் எவ்வளவு ஆடுகிறது என்றும் பாருங்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும்: மாற்றுக் கியர்கள். திருகு மரை வெட்டும்போது டூலைச் சீராக நகர்த்தும் நீளத் திருகுதான் லீட் ஸ்க்ரூ; பழைய லேத்துகள் பலவற்றில் அது அங்குலக் கணக்கில் இருக்கும். அதில் மில்லிமீட்டர் மரை சரியாக வெட்ட 127 பல் கியர் வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர்; அதை ஐந்தால் பெருக்கினால் 127. அதனால்தான் அந்த எண். பட்டறை கைமாறும்போது முதலில் காணாமல் போவதும் அந்தக் கியர்தான். விலை பேசி முடிப்பதற்கு முன் அதை எண்ணி எடுத்து வையுங்கள்.

அடுத்தது நிறுத்துவது. அரை டன்னுக்குக் குறையாத எடை, அதிலும் பாரமெல்லாம் சக் இருக்கும் ஹெட் ஸ்டாக் பக்கம். லீட் ஸ்க்ரூவில் கயிறு மாட்டித் தூக்கினால் அது வளைந்துவிடும். பிறகு அந்த லேத்தில் மரை வெட்டுவதை மறந்துவிடலாம். பெட்டைச் சுற்றிக் கட்டி, சாடிலை டெயில் ஸ்டாக் பக்கம் தள்ளிச் சமன்செய்து, செயின் பிளாக்கில் தூக்க வேண்டும். டைல்ஸ் தரை ஆகாது, உறுதியான கான்கிரீட் வேண்டும்.

இங்கேதான் அந்தத் தம்பி தவித்தார். அஸ்திவார போல்ட்டை முதல் நாளே முழு பலத்தில் இறுக்கிவிட்டார்கள். கடைந்த கம்பி ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் வந்தது. தன் கைதான் சரியில்லை என்று அவர் நினைத்துவிட்டார். உண்மையில் பெட் முறுக்கிக்கொண்டிருந்தது. ஒரு கால் தூக்கி நிற்கும் கயிற்றுக் கட்டில் முறுக்கிக்கொள்வதைப் போல, வார்ப்பிரும்பும் முறுக்கிக்கொள்ளும். நம் கண்ணுக்குத்தான் தெரியாது. கொத்தனாரின் ரசமட்டம் இதற்குப் போதாது. மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் காட்டும் இயந்திர மட்டத்தை யாரிடமாவது இரவல் வாங்கி, சக் அருகிலும் கடைசியிலும் பெட்டின் குறுக்கே வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே அளவு காட்டினால் முறுக்கு இல்லை.

பிறகு கடைந்தே சோதிக்கலாம். கட்டைவிரலைவிடத் தடித்த கம்பி ஒன்றைச் சக்கில் பிடித்து, ஆறு அங்குலம் வெளியே நீட்டிவிடுங்கள். வெளிமுனையை டெயில் ஸ்டாக்கால் தாங்க வேண்டாம். நடுப்பகுதியைக் குறைத்துவிட்டு, இரு முனையிலும் ஒரு பட்டை மட்டும் விடுங்கள். டூலின் வெட்டு ஆழத்தை மாற்றாமல் ஒரே அமைப்பில் இரண்டு பட்டைகளிலும் மெல்லிய வெட்டு கொடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். வெளிமுனைப் பட்டை தடித்திருந்தால், டெயில் ஸ்டாக் பக்கத்தில் நாம் நிற்கும் பக்கத்துக் காலுக்கு அடியில் மெல்லிய பித்தளைத் தகடு கொடுத்து உயர்த்த வேண்டும். மெலிந்திருந்தால் பின்பக்கத்துக் காலுக்கு. திரும்பவும் கடைந்து அளக்க வேண்டும். போல்ட்டை மெல்ல இறுக்கி மறுபடியும் அளக்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலை. அந்தத் தம்பி ஒரு மாலை முழுவதும் தகடு மாற்றி மாற்றி வைத்தார். இரண்டு பட்டையும் ஒரே அளவு காட்டியதும் மைக்ரோமீட்டரைத் துடைத்துவிட்டு, நம்பாமல் மீண்டும் அளந்தார்.

மின்சாரத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டறை மோட்டார் 415 வோல்ட் மும்முனை. வீட்டிலோ பெரும்பாலும் 230 வோல்ட் ஒருமுனை. ஒருமுனை மின்சாரத்தை மும்முனையாக மாற்றித் தரும் வி.எஃப்.டி. எனும் கருவியைப் பொருத்தி ஓட்டலாம் என்பது உண்மைதான். ஆனால் மோட்டாரின் இணைப்புப் பெட்டியைத் திறந்து, 230 வோல்ட்டுக்கு ஏற்றபடி காயில்களின் இணைப்பை ஸ்டார் முறையிலிருந்து டெல்டா முறைக்கு மாற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று ஒயர் மட்டுமே வெளியே வந்திருந்தால் காயில் கட்டுகிறவரிடம் கொண்டுபோக வேண்டியதுதான். எர்த் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது.

அதைவிட முக்கியமானது ஸ்டார்ட்டர். வெறும் மெயின் சுவிட்சில் ஓட்டும்போது கரண்ட் போய்விட்டால், நாம் சுவிட்சை அணைக்க மறந்துபோய், சக்கை இறுக்கித் தளர்த்தும் சக் சாவியை மாட்டி வேலைப்பொருளைக் கழற்றிக்கொண்டிருப்போம். கரண்ட் வந்ததும் சக் தானாகச் சுழலும். சாவி பறந்து எங்கே அடிக்கும் என்று சொல்ல முடியாது. கரண்ட் போனால் தானே அணைந்துவிட்டு, நாம் பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓடும் ஸ்டார்ட்டரே வேண்டும். தோட்டத்துப் பம்ப்செட்டில் கரண்ட் வந்ததும் தானே ஓடுவதற்கு ஆட்டோ போடுகிறோமே, அந்த ஏற்பாட்டை லேத் பக்கமே கொண்டுவரக் கூடாது. சாவி சக்கில் இருக்கும்வரை கையை எடுக்காதீர்கள். கையை எடுத்தால் சாவியும் கூடவே வர வேண்டும்.

கையுறை போடாதீர்கள். மணிக்கட்டில் கோயில் கயிறு, மோதிரம், கடிகாரம், தோளில் துண்டு, துப்பட்டா எதுவும் ஆகாது. கயிற்றைக் கழற்ற மனம் வராதவர்கள் ஓட்டும் நேரத்துக்காவது அவிழ்த்துச் சாமி படத்தருகில் வைத்துவிட்டு வரலாம். சுருளைக் கையால் இழுக்காதீர்கள், கொக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயுத பூசையன்று விபூதியைக் குழைத்துப் பெட்டின் மேல் பூசும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். காய்ந்த சாம்பல் எண்ணெயோடு கலந்து சாடிலுக்கடியில் போனால் அது தேய்க்கும். சந்தனமும் குங்குமமும் ஹெட் ஸ்டாக் மூடிமேல் வைக்கட்டும்; பெட்டுக்கு எண்ணெய் போதும்.

என் வேண்டுகோள் இதுதான். அரசு ஐ.டி.ஐ.களில் டர்னர் பிரிவு இரண்டாண்டுப் படிப்பு. வேலைக்குப் போகிறவர் அதில் சேர முடியாது. அதே பட்டறைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்து, பழைய லேத் வாங்கியவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு குறுகிய பயிற்சி தர அரசு முன்வர வேண்டும். சக் பிடிப்பது, டூல் தீட்டுவது, பெட் மட்டம் பார்ப்பது, ஸ்டார்ட்டர் இணைப்பு, இவ்வளவு போதும். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் எங்களைப் போன்ற ஓய்வுபெற்ற டர்னர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். சம்பளம் எதிர்பார்க்காமல் வருவோம். தங்கள் நாளிதழும் இதை அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுசெல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர்,
கணபதி, கோவை.