நாய் வளர்ப்பதைச் சொல்லி வாடகை வீட்டில் தண்ணீரை அடைத்தது குறித்துக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
பனியன் கம்பெனி தையல் தொழிலாளி,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.
(பெயர், கதவு எண், செல்போன் எண் தனித்தாளில்)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருப்பூர் மாவட்டம்.
(திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம்)

பொருள்: அடைத்த தண்ணீரைத் திறந்துவிடவும், உரிய உத்தரவில்லாமல் வீட்டைக் காலி செய்யச் சொல்வதைத் தடுக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஓவர்லாக் டெய்லர். மகளுடன் ஒரு லைன் வீட்டில் (வரிசையாக ஒட்டிக் கட்டிய வாடகை வீடு) இரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன். வாடகை மாதம் ரூ.5,500, அட்வான்ஸ் ரூ.40,000. வாடகை ஒரு மாதமும் பாக்கியில்லை. எங்களிடம் நான்கு வயதான நாட்டு நாய் ஒன்று இருக்கிறது. குடிவந்த அன்றே அதையும் கூட்டிக்கொண்டுதான் வந்தோம். அப்போது வீட்டுக்கார அம்மா பார்த்துவிட்டு, "கட்டிப் போட்டுக்கிட்டாச் சரிங்க" என்றார். ஒப்பந்தப் பத்திரத்தில் நாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இப்போது அவருடைய மகன் பொறுப்புக்கு வந்திருக்கிறார். போன மாதம் வந்து, "நாயை எங்காச்சும் கொண்டுபோயி உட்டுட்டு வாங்க, இல்லாட்டி பதினஞ்சு நாள்ல ஊட்டைக் காலி பண்ணிக்குங்க" என்றார். நான் அவகாசம் கேட்டேன். மறுநாளே எங்கள் வீட்டுக்கு வரும் போர்வெல் தண்ணீர் வால்வை மட்டும் அடைத்துவிட்டார். ஒன்பது நாளாகப் பக்கத்து லைனில் இருந்து குடத்தில் சுமக்கிறோம். ஷிப்ட் முடிந்து இரவு பத்து மணிக்கு வந்தபிறகுதான் தண்ணீர் எடுக்கவே முடிகிறது.

நாய் மேல் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒருமுறை எதிர்வீட்டுச் செருப்பைக் கடித்துவிட்டது, புதுச்செருப்பு வாங்கிக் கொடுத்தேன். இதுவரை யாரையும் கடித்ததில்லை. வருடாவருடம் அரசு கால்நடை மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போடுகிறேன். அட்டை நகல் இணைத்துள்ளேன். வீட்டுக்காரரின் சொந்தத் தோட்டத்திலும் பட்டிக்குக் காவலாக இரண்டு நாய் கிடக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. வாடகைக்கு இருப்பவர் வளர்த்தால் மட்டும் அது அசிங்கமாகிவிடுகிறது.

2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி (2017-இல் இயற்றியது), தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தக்கூடாது. காலி செய்ய வைக்க வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், வால்வை அடைத்து விரட்ட முடியாது. வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி விட்டுவிட்டு வருவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். "எங்காச்சும் உட்டுட்டு வாங்க" என்று அவர் சொல்வது அதைத்தான்.

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாய்களுக்குத் தடை போட முடியாது என்று உள்ளது. அது அடுக்குமாடிச் சங்கங்களை வைத்துச் சொன்னது, லைன் வீட்டுக்காரரை அப்படியே கட்டுப்படுத்தும் என்று நான் வாதாட வரவில்லை. நாய் வேண்டாம் என்றால் குடிவைக்கும்போதே சொல்லிப் பத்திரத்தில் எழுதட்டும், நாங்கள் வேறு வீடு பார்த்துக்கொள்வோம். பார்த்துச் சம்மதித்துக் குடிவைத்துவிட்டு, இரண்டு வருடம் வாடகையும் வாங்கிக்கொண்டு நடுவில் மாற்றுவதுதான் வேதனை.

எங்கள் ஒப்பந்தம் ரூ.20 முத்திரைத்தாளில் எழுதியதோடு சரி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவில்லை. பதிவு செய்தால் வரி வரும் என்று அப்போது சொன்னார்கள், நானும் விட்டுவிட்டேன். அது என் தவறும்தான். அட்வான்ஸ் சட்டத்தில் சொல்லியுள்ள மூன்று மாத வாடகையைவிட அதிகம் என்பதையும் நான் இப்போது கிளப்பவில்லை, சம்மதித்துத்தான் கொடுத்தேன். ஆனால் காலி செய்தால் நாய் நாற்றத்துக்காக அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொள்வேன் என்கிறார் வீட்டுக்கார அம்மாவின் மகன். சுவரில் ஒரு கீறல்கூட இல்லை, போட்டோ இணைத்துள்ளேன்.

ஆகவே, வாடகை அதிகாரியாக உள்ள அலுவலரை வைத்து விசாரித்து, முதலில் தண்ணீரைத் திறந்துவிட உத்தரவிட வேண்டுகிறேன். வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்துக்குப் போனால் அங்கே வந்து பதில் சொல்லத் தயார். ஒருவேளை நானாகக் காலி செய்ய நேர்ந்தால், சட்டப்படி ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கவும் ஆவன செய்ய வேண்டுகிறேன். லைன் வீடுகள் அதிகமுள்ள பகுதிகளில் ஒப்பந்தப் பதிவுக்கு ஞாயிற்றுக்கிழமை முகாம் நடத்தினால் என்னைப் போன்ற பலருக்கும் உதவும்.

விசாரணைக்கு அழைப்பதாக இருந்தால் ஒருநாள் முன்பே தகவல் கொடுங்கள், ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)