டிசம்பர் 18 விருந்து: பெற்றோர் கவனத்துக்கு

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

டிசம்பர் 18, வியாழன் மதியம் நம் பள்ளியின் உக்ரைனியக் குடும்பங்கள் மண்டபத்தில் 'ஸ்வியாத் வெச்சிர்' விருந்து வைக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவுச் சாப்பாடு அது. அவர்கள் ஊரில் 24ஆம் தேதி மாலை வானில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே உட்காருவார்கள். இங்கே கனடாவில் அப்போது விடுமுறை, அதனால் முன்னதாகவே நடக்கிறது.

உணவு கொண்டுவருவோருக்கு: மேசையில் வரும் பன்னிரண்டு பதார்த்தங்களும் நோன்புச் சமையல். நம்முடைய சைவம் என்று நினைத்துவிட வேண்டாம். மீன் உண்டு; பால், தயிர், நெய், முட்டை கிடையாது. நெய் லட்டு ஆகாது. எண்ணெயில் பொரித்த உளுந்து வடையும் சுண்டலும் தேங்காய்ப்பால் பாயசமும் தாராளமாக ஆகும். கடை பிஸ்கட்டில் பெரும்பாலும் பால்மா இருக்கும், லேபிளைப் பாருங்கள். இங்கத்திய டர்க்கி போல அவர்களுக்கும் இறைச்சி உண்டு, ஆனால் 25ஆம் தேதிதான்.

முதலில் பரிமாறுவது குத்யா என்ற இனிப்புக் கோதுமைப் பதார்த்தம். செய்து தர முன்வந்தவர்கள் 200 கிராம் முழுக் கோதுமையை இரவே ஊறவைத்து, மூன்று மடங்கு நீரில் சிறுதீயில் ஒன்றரை மணி நேரம் வேகவிடுங்கள். உடைத்த கோதுமை கூழாகிவிடும். கசகசா 100 கிராமில் கொதிநீர் ஊற்றி அரை மணி நேரம் மூடிவைத்து, வடித்து, வெண்பால் கசியும்வரை அரைக்க வேண்டும். அரைபடாவிட்டால் வாயில் மணலாக நெருடும். நம் கடை வெள்ளைக் கசகசாவில் கருநீல நிறம் வராது, போலந்துக் கடையில் வாங்குங்கள். பழையது காறும், முகர்ந்து பார்த்தே வாங்கவும். கோதுமை ஆறிய பின் அரைத்த கசகசா, தேன் நான்கு மேசைக்கரண்டி, உலர்திராட்சை ஒரு கைப்பிடி சேருங்கள். மரபுப்படி வால்நட்டும் சேரும். பள்ளியில் அதற்குத் தடை, சூரியகாந்தி விதை போடுங்கள். மறுநாள் இறுகினால் உலர்பழம் வேகவைத்த உஸ்வார் நீர் கொஞ்சம் விட்டுக் கிளறினால் போதும். கோதுமை ஒவ்வாத பிள்ளைகளுக்கு அரிசிக் குத்யா தனிக் கரண்டியுடன் இருக்கும்.

மேசையில் ஒரு தட்டு காலியாக இருக்கும். அது இறந்தவர்களுக்கானது. யாருக்கு என்று கேட்க வேண்டாமெனப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். போரில் உறவுகளை இழந்த பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். நம்மில் பலருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

"சாண்டா என்ன தந்தார்?" என்பதும் பொருந்தாது. அவர்களில் பலருக்குப் பரிசு புனித நிக்கோலஸ் நாளில், தலையணைக்கு அடியில் வந்துவிடும். ஊரில் இப்போது அது டிசம்பர் 6, முன்பு 19.

தேதிக் குழப்பம் கிறிஸ்துமஸிலும் உண்டு. உக்ரைனில் 2017 முதல் டிசம்பர் 25, ஜனவரி 7 இரண்டும் அரசு விடுமுறை. 2023இல் வந்த சட்டம் ஜனவரி 7ஐ நீக்கியது. ஆனால் இங்குள்ள சில தேவாலயங்கள் பழைய நாட்காட்டியையே பின்பற்றுகின்றன. எனவே ஜனவரி 7, புதன்கிழமை சில பிள்ளைகள் வரமாட்டார்கள். அன்று எந்த வகுப்பிலும் தேர்வு இல்லை.

உணவுப் பாத்திரத்தில் பெயரும் சேர்த்த பொருட்களும் எழுதி, காலை 10 மணிக்குள் அலுவலகத்தில் தரவும். மெழுகுவர்த்திக்கு அனுமதி இல்லை, பேட்டரி விளக்கு வைக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்