சனசமூக நிலையச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, காப்பாளர்களே, அங்கத்தவர்களே, பெற்றோர்களே,

2024ஆம் ஆண்டுக்கான செயலறிக்கையைப் பொதுச்சபையின் முன் வைக்கிறேன்.

தைப்பொங்கலும் வாணி விழாவும் வழமைபோல நடந்தேறின. மாரிக்கு முன்னர் டெங்கு ஒழிப்புச் சிரமதானம் செய்தோம். கரப்பந்தாட்டத் திடலுக்கு மின்விளக்குப் போட்டாயிற்று. வாசிகசாலைக்குப் பத்திரிகைகள் தடையின்றி வருகின்றன.

இனி, சனிக்கிழமைக் கல்வி வழிகாட்டல். பிள்ளைகளை இருத்தித் தாள் நிரப்புவது சனசமூக நிலையத்தின் வேலையா, அதற்குப் பாடசாலை இல்லையா என்று சென்ற பொதுக்கூட்டத்தில் கேட்கப்பட்டது. அன்று நேரம் போதவில்லை. இன்று விளக்கமாகவே பதில் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் பெற்றோர் ஆலோசனை தேடி வருவது சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்த பிறகு. அது பிந்திய நேரம். உயர்தரத்துக்குப் போக ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றில் மூன்று திறமைச் சித்தியாக (C) இருக்க வேண்டும். பிள்ளை பெரும்பாலும் இடறுவது கணிதத்தில். அந்த இடறல் பதினோராம் வகுப்பில் தொடங்குவதில்லை. பின்னமும் திசைகொண்ட எண்களும் எளிய சமன்பாடும் ஏழாம், எட்டாம் வகுப்பில் பிடிபடாமல் போனால், பிறகு எத்தனை கடந்தகால வினாத்தாள் செய்தாலும், எத்தனை ரியூசனுக்கு அனுப்பினாலும் புள்ளி ஏறாது.

அதனால்தான் எட்டாம் வகுப்பிலிருந்தே ஆளுக்கொரு தாள் வைக்கிறோம். மேல் வரியில் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே முழுப்பெயர், எழுத்துக்கு எழுத்து. பாடசாலைச் சேர்வு இடாப்பில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் 15 வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது சிக்கும். பரீட்சை நெருங்கும் நேரத்தில் திருத்த அலைய வேண்டிவரும். அதன் கீழே தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் நான்குக்கும் தவணைப் புள்ளிகள். ஒரு தவணைப் புள்ளி எதையும் சொல்லாது. ஆறு தவணைகளை வரிசையாகப் பார்த்தால் சரிவு எங்கே தொடங்கியது என்று தாயே விரல் வைத்துக் காட்டிவிடுவார்.

அடுத்தது ஒன்பதாம் வகுப்பின் இறுதி. சாதாரண தரத்தின் ஒன்பது பாடங்களில் ஆறு கட்டாயம், மூன்று தொகுதிப் பாடங்கள், அதாவது பிள்ளையே தெரிவு செய்பவை. சிநேகிதி எடுத்தாள் என்பதற்காகப் பாடம் எடுப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. நாங்கள் கேட்கச் சொல்வது இரண்டு கேள்விகள்: அந்தப் பாடத்துக்குப் பாடசாலையில் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? பிள்ளை தினமும் அரை மணித்தியாலம் விருப்பத்தோடு அதற்கு ஒதுக்குமா?

உயர்தரப் பாடத் தெரிவில்தான் மீட்க முடியாத இழப்பு வருகிறது. உயிரியல் பிரிவில் பௌதிகவியலை விட்டு விவசாய விஞ்ஞானம் எடுத்தால் மருத்துவ பீடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. கணிதப் பிரிவில் இரசாயனவியலுக்குப் பதில் தகவல் தொழில்நுட்பம் எடுத்தால் பொறியியல் பீடம் இல்லை. 2013இல் வந்த தொழில்நுட்பப் பிரிவு பொறியியல் தொழில்நுட்பப் பட்டத்துக்குக் கொண்டுபோகும். அதுவும் பொறியியல் பட்டமும் வெவ்வேறு. தெரிந்து எடுத்தால் மூன்றுமே நல்ல தெரிவுகள். தெரியாமல் எடுத்துவிட்டு இரண்டு வருடம் கழித்து அழும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

"சுகமான பாடம் எடுத்தால் இசட் புள்ளி கூடும்" என்ற நம்பிக்கையும் ஊரில் பரவலாக உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கப்படும் இசட் புள்ளி என்பது, பிள்ளையின் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து நியம விலகலால் வகுத்து வருவது. எல்லோரும் எண்பது எடுக்கும் பாடத்தில் எண்பது எடுத்தால் இசட் புள்ளி பூச்சியத்தை ஒட்டித்தான் நிற்கும். மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் அனுமதி இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டப் பங்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஆகவே எங்கள் பிள்ளைக்குப் பெரும்போட்டி எங்கள் யாழ்ப்பாண மாவட்டத்துப் பிள்ளைகளோடுதான். வெட்டுப்புள்ளி (அனுமதிக்கு வேண்டிய ஆகக்குறைந்த இசட் புள்ளி) குறைந்த மாவட்டத்துக்குக் கடைசி நேரத்தில் பாடசாலை மாற்றுவதும் பயன்தராது. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் எங்கே படித்தார் என்றுதான் பார்க்கிறார்கள்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்பத் தெரிவுகளை மேலிருந்து கீழாகப் பார்த்து, புள்ளி போதுமான முதலாவது இடத்தைக் கொடுப்பார்கள். ஆகவே உண்மையான விருப்ப வரிசையிலேயே எழுத வேண்டும், நிறைய எழுத வேண்டும். மருத்துவமும் பல்மருத்துவமும் மட்டும் எழுதிவிட்டு, தாதியியல், மருந்தாக்கவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், கைதடியிலுள்ள சித்த மருத்துவம், கிளிநொச்சியிலுள்ள விவசாய பீடம் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி வேண்டும் என்பதையும் பலர் அசட்டை செய்கிறார்கள். மருதனார்மடத்திலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பிரிவில் இசையோ நடனமோ படிக்க விரும்புவோர் உளச்சார்புப் பரீட்சைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த அறிவித்தல் பத்திரிகையில் வரும்போதே வாசிகசாலைப் பலகையில் ஒட்டுகிறோம்.

பல்கலைக்கழகம் கிடைக்காதவரைத் தோற்றவராக நடத்தும் பழக்கம் இந்த ஊரை விட்டுப் போக வேண்டும். 13 வருட உத்தரவாதக் கல்வியில் சாதாரண தரம் சித்தியடையாதவரும் தொழிற்பாடம் படித்து தேசிய தொழிற்தகைமை 4ஆம் மட்டம் பெறலாம். அங்கிருந்து டிப்ளோமா 5, 6, பட்டம் 7 என்று ஏற வழி இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் குருநகரில் உயர் தொழில்நுட்ப நிறுவனமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

இவ்வளவும் ஒரு சிலரின் தோளில் நடக்கிறது. நிர்வாகசபைக்குத் தெரிவானவர்களில் பலர் கூட்டங்களுக்கு வரவில்லை; கோரம் இல்லாமல் கூட்டங்களை ஒத்திவைக்க நேர்ந்தது. அறிவித்தல் கிடைக்கவில்லை என்று சொல்லப்பட்டது. அறிவித்தல் பலகையிலும் தொலைபேசிக் குழுவிலும் ஒவ்வொரு முறையும் போடப்பட்டது என்பதைப் பதிவு செய்கிறேன். சந்தாவும் பாதிப்பேரிடமிருந்து வரவில்லை. பிள்ளையின் தாளை எடுக்க வருகிற வீட்டிலேயே இரண்டு வருடச் சந்தா நிலுவையில் நிற்பது எனக்கு வருத்தம்.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். வரவும் செலவும் ஏறத்தாழச் சரிக்குச் சரி. போட்டோ கொப்பிச் செலவு கூடியிருக்கிறது. காரணம் மேலே சொன்னதே. வெளிநாட்டிலுள்ள உறவுகளின் நன்கொடை அவர்கள் குறித்த வேலைகளுக்கே பயன்பட்டது.

தலைவருக்கும் பொருளாளருக்கும் கணக்காய்வாளருக்கும் கிராம அலுவலருக்கும் சனிக்கிழமைகளில் வந்து உதவும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இந்தப் பொறுப்பை ஏற்க இளையவர் ஒருவர் முன்வந்தால் மகிழ்ச்சியோடு கொடுப்பேன். ஆனால் சனிக்கிழமை மேசை நிற்கக் கூடாது. ஊரில் மின் இணைப்பாளர், தாதி, நில அளவையாளர், வங்கி உத்தியோகத்தர் எல்லோரும் இருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு மணித்தியாலம் வந்து உங்கள் தொழிலில் எப்படிச் சேர்ந்தீர்கள், எந்தச் சான்றிதழ் கேட்டார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இந்த முறை ஒன்பதாம் வகுப்பிலிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர், தொகுதிப் பாடப் படிவத்தில் கையொப்பம் வைப்பதற்கு முன் பிறப்புச் சான்றிதழின் பிரதியோடும் தவணை அறிக்கைகளோடும் வாசிகசாலைக்கு வாருங்கள். சந்தாப் பற்றுச்சீட்டுப் புத்தகமும் அதே மேசையில் இருக்கும்.

செயலாளர்