கிலோவைக் கேட்கிறோம், வடிவத்தைக் கேட்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் கிடங்கு கட்டவிருக்கும் வாசகர் ஒருவர், பிஆர்சி வலைக்கு (பற்றவைத்த எஃகுக் கம்பி வலைக்கு) பதிலாக எஃகு இழை, அதாவது சிறு கம்பித் துண்டுகள், கலந்த கான்கிரீட் தரை போடலாமா என்று சென்ற ஞாயிறு இதழில் கேட்டிருந்தார். கன மீட்டருக்கு 30 கிலோ கலந்தால் போதும் என்று பதில் வந்திருந்தது. செபராங் பிறையில் 31 ஆண்டுகள் தரை போட்டவன் நான். 30 கிலோ சரி, எந்த இழையில் 30 கிலோ?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒருமுறை நானே சூடுபட்டிருக்கிறேன். இரு நுனியும் கொக்கியாக மடிந்த இழை வர வேண்டிய இடத்தில், விலை மலிவென்று நேராக நறுக்கிய இழையை இறக்கிவிட்டார்கள். எடையில் குறையில்லை. 28ஆம் நாள் கனசதுரச் சோதனையில் எல்லாக் கட்டிகளும் தேறின. தேறாமல் என்ன செய்யும்? அது நசுக்கிப் பார்க்கும் சோதனை. நசுக்கும்போது இழை இருப்பதும் இல்லாததும் ஏறக்குறைய ஒன்றுதான். எட்டாவது மாதம் சரக்கு அடுக்கும் ரேக்கின் கால்களைச் சுற்றி விரிசல் ஓடி, நகம் நுழையும் அளவுக்கு வாய் திறந்தது. ஓரத்தை உளியால் தட்டி எடுத்தேன். நீட்டிக்கொண்டிருந்த இழைகள் தையல் ஊசிபோல் வழவழவென்று இருந்தன. கொக்கி இழையாக இருந்தால், இழுபட்டு நிமிர்ந்த பிறகும் நுனியில் ஒரு நெளிவு மிஞ்சியிருக்கும்.

விரிசல் விழும்வரை இழைக்குப் பெரிய வேலை இல்லை. விழுந்த பிறகு இரு பக்கத்தையும் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. பலகையில் அடித்த நேரான ஆணி ஒரே இழுப்பில் வந்துவிடும். உள்ளே வளைந்துபோன ஆணியைப் பிடுங்கினால் முனகிக்கொண்டே வரும். கொக்கியும் அப்படித்தான்: சிமெண்டுக்குள் நிமிர்ந்து நிமிர்ந்துதான் வெளியேற முடியும். அந்த முனகலுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

அதற்காக வளைவைக் கூட்டிக்கொண்டே போகவும் கூடாது. பிடி மிஞ்சினால் இழை உருவி வராமல் பட்டென்று அறுந்துவிடும். கொக்கியில் மடிப்பு கூடக் கூடக் கம்பியின் இழுவலிமையும் கான்கிரீட்டின் தரமும் கூட வேண்டும். பருமனும் முக்கியம். 60 மில்லிமீட்டர் நீளம், 0.9 பருமன் என்றால் கிலோவுக்குச் சுமார் 3,300 இழைகள். 35 நீளம், 0.55 பருமன் என்றால் 15,000க்கும் மேல். நீண்டு மெலிந்த இழையை அவசரமாகக் கொட்டினால் கலவைக்குள் குருவிக்கூடுபோல் சுருண்டுகொள்ளும். அதனால்தான் சில வகைகள் ஸ்டேப்ளர் ஊசிபோல் பசையில் ஒட்டி வருகின்றன. கலவை லோரியின் உருளை சுழலும்போது நீரில் பசை கரைந்து தனித்தனியாகப் பிரியும்.

எனவே அந்த வாசகர் கனசதுரச் சோதனையோடு நின்றுவிட வேண்டாம். ஐரோப்பியத் தரநிலை இஎன் 14651இன்படி உத்திரச் சோதனை கேட்கட்டும். 150 மில்லிமீட்டர் சதுர உத்திரத்தின் அடியில் 25 மில்லிமீட்டர் வெட்டு போட்டு வளைப்பார்கள். வெட்டின் வாய் 0.5இலிருந்து 3.5 மில்லிமீட்டர் வரை விரியும்போது எவ்வளவு சுமை தாங்குகிறது என்று அளப்பார்கள். கொக்கிக்கும் நேர் இழைக்கும் உள்ள வேறுபாடு அங்கே அம்பலமாகும். ஆர்டர் தாளில் வடிவம், நீளம், பருமன், இழுவலிமை நான்கையும் எழுதிக் கையெழுத்து வாங்கட்டும். என் கைக்கு வந்த லோரி ரசீதில் ‘எஃகு இழை’ என்றும் மூட்டைக் கணக்கும் மட்டுமே இருந்தன. அதில் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

ஓய்வுபெற்ற தள மேற்பார்வையாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு