செயலாளர் ஆண்டறிக்கை: பாயைச் சுருட்டிக்கொண்டு நிறுவகத்துக்கு வாருங்கள்

தலைவர் ஐயா அவர்களுக்கும், நிர்வாக சபையினருக்கும், உறுப்பினர்களுக்கும், உறுப்பினராகாமலே எல்லா வேலைக்கும் முன்னுக்கு நிற்கும் அயல் வீட்டு அக்காமார் தம்பிமாருக்கும் வணக்கம்.

நிர்வாக சபை மாதாமாதம் கூடியது. மாரி மழை கொட்டிய ஒரு மாதம் மட்டும் கூட முடியவில்லை. வரவு செலவைப் பொருளாளர் எனக்குப் பிறகு வாசிப்பார். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மட்டக்களப்புக் கல்லடியில் நம் வீடுகளுக்குப் பக்கத்திலேயே சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கியது, பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, இன்றைக்கு இசை, நடனம், நாடகம், ஓவியம் சிற்பம் எல்லாம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கிறது. இருந்தும் நம் ஆட்களில் பாதிப் பேர் அதன் கேற்றைத் தாண்டி உள்ளே போனதில்லை. "அது கம்பஸ் பிள்ளைகளின் விஷயம், நாங்கள் போய் என்ன செய்ய?" என்று போன வருடம் வீடு வீடாகப் போனபோது எத்தனை பேர் கேட்டார்கள்! அந்தத் தயக்கத்தைப் போக்குவதைத்தான் இந்த வருடம் முழுக்க வேலையாக வைத்திருந்தோம், வருகிற வருடமும் அதுதான் வேலை.

நடந்ததில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நெல் வெட்டு முடிந்த கையோடு நம் விளையாட்டு மைதானத்தில் கூத்து ஆடுகிற களரி கட்டினோம். நிறுவகத்தில் நாடகம் படிக்கிற பிள்ளைகளும் கூத்துப் பழக்குகிற நம் பக்கத்து அண்ணாவியார் ஒருவரும் சேர்ந்து பழகிய வடமோடிக் கூத்து. மேடை வேண்டாம், வட்டக்களரிதான் வேண்டும் என்று அண்ணாவியார் ஒரே பிடியாக நின்றார். நடுவில் மண்ணைக் குவித்து உயர்த்தி, சுற்றிவரக் கம்பு நட்டு, நாலு பக்கமும் சனம் இருந்து பார்க்கிற மாதிரி அமைத்தோம். பின்னேரம் முழுக்க அவர் மத்தளத்தை வெயிலில் வைத்துவிட்டு, சும்மா இருக்காமல், ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் எழும்பிப் போய் விரலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். பக்கத்தில் இருந்த மாணவி ஒருத்தி தானும் தட்டிப் பார்த்தாள். "இப்ப வலந்தலை பேசுது, மற்றது இன்னும் பேசல்ல" என்று மத்தளத்தின் வலப்பக்கத்தைக் காட்டி அவர் சொல்ல, அவள் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றித் தட்டி, மூன்றாவது தடவை தலையாட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றதே எனக்குப் போதுமாக இருந்தது.

இரவு பத்து மணி போல வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கி நின்றுவிட்டது. திருத்த முயன்று பார்த்தார்கள், சரிவரவில்லை. நான் பயந்துபோனேன். ஆனால் அண்ணாவியார் கையைக் காட்டி எல்லாரையும் கிட்ட வரச் சொன்னார். பின்னுக்கு இருந்தவர்கள் பாயை இழுத்துக்கொண்டு முன்னுக்கு வந்தார்கள், பிற்பாட்டுக்காரர் குரலை எடுத்துவிட்டார்கள், சல்லரித் தாளமும் சதங்கையும் மத்தளமும் அப்படியே காதுக்குள் இறங்கின. கரப்புடை என்கிற விரிந்த பாரமான உடுப்புக் கட்டிய ராசா வேகமாகச் சுழன்று ஆடும்போது அடித்த காற்று முன்வரிசைப் பிள்ளைகளின் முகத்தில் பட்டது. வீரன் களரிக்கு வரும்போதெல்லாம் பெரியம்மாமார் குரவையிட்டார்கள். விடியும்வரை ஆட்கள் இருந்தார்கள் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன், ஏனென்றால் "இந்தக் காலத்தில் யார் விடிய விடியக் கூத்துப் பார்ப்பது?" என்று நம் கூட்டத்திலேயே கேள்வி வந்தது.

இளம் உறுப்பினர்கள் வடமோடிக்கும் தென்மோடிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள். சுருக்கமாகச் சொன்னால், வடமோடியில் பாரத இராமாயணப் போர்க் கதைகளும் வீரமும் அதிகம், உடுப்பும் பாரம். தென்மோடியில் பாட்டுக்கும் நுணுக்கமான தாளக்கட்டுக்கும் இடம் அதிகம், உடுப்பு இலேசு. ஆடிப் பார்த்தவர்கள் இதைவிட நன்றாகச் சொல்வார்கள், வந்து கேளுங்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுபோனார். அந்த மாணவர்களில் ஒருவரான பேராசிரியர் சி. மௌனகுரு பின்னாளில் இங்கே நம் மண்ணிலேயே அந்த வேலையைத் தொடர்ந்தார். மேடைக்குச் சுருக்கிய கூத்துக்கும் ஒரு பெறுமதி உண்டு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன்: சுருக்கிய கூத்தை மட்டும் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு, ஆடுவோருக்குப் பாத்திரத்தின் பாட்டு எழுதிய சட்டம் கொடுப்பதும் சதங்கை கட்டுவதும் அடுக்கு என்கிற ஒத்திகை பார்ப்பதும் அரங்கேற்றம் முடிந்து வீட்டுக்கு வீடு ஆடுவதுமாக மாதக்கணக்கில் ஒரு ஊரே சேர்ந்து செய்கிற வேலைதான் கூத்து என்பது தெரியாமல் போய்விடும்.

சரி, இனி வரப்போவது.

மார்ச் 27 உலக நாடக தினம். சுவாமி விபுலாநந்தர் 1892இல் காரைதீவில் பிறந்ததும் அதே மார்ச் 27தான். இரண்டையும் சேர்த்து அந்தக் கிழமையில் நிறுவகப் பிள்ளைகளின் நாடகங்களுக்கு நாம் கூட்டமாகப் போகிறோம். காலையில் சிவானந்தா வித்தியாலய வளவில் உள்ள சுவாமிகளின் சமாதியில் பூ வைத்துவிட்டு, அங்கே பொறித்திருக்கும் 'வெள்ளைநிற மல்லிகையோ' பாட்டைச் சின்னப் பிள்ளைகள் பாட, பிறகு நடந்தே போகலாம் என்று யோசித்திருக்கிறோம். கூத்துக்கான சதங்கை கட்டும் சடங்குக்கும் இம்முறை ஊரை அழைக்கப்போகிறோம். வெத்திலை வைக்கும் வட்டா கொண்டு வருவது மாதர் அணியின் பொறுப்பு.

இசைக்கு ஜூலையை வைத்திருக்கிறோம். ஜூலை 19 சுவாமிகளின் நினைவு நாள். பதினாலு வருட உழைப்பில் எழுதிய யாழ் நூலை 1947 ஜூனில் சோழ நாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றிவிட்டு, அடுத்த மாதமே அவர் கண்ணை மூடினார். பழைய யாழ்களின் நரம்புகளையும் சுருதியையும் கணக்குப் போட்டு மீட்டெடுத்த மனிதர், விஞ்ஞானம் படித்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். நம் பிள்ளைகளுக்கு அவர் பெயர் ஒரு கட்டடத்தின் பெயராக மட்டும் தெரிவது எனக்கு மிகவும் கவலை. அதனால் இசை படிக்கும் மாணவர்களிடம் பண் ஒன்றைப் பாடிக் காட்டி, பாலை என்கிற பழைய சுர வரிசைக்கும் இன்றைய இராகத்துக்கும் உள்ள தொடர்பை எங்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லித்தரக் கேட்டிருக்கிறோம். மைக் இல்லாமல், இருபது முப்பது பேர் சுற்றி இருந்து கேட்கிற கச்சேரியாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். முழுநிலா அன்று கல்லடிப் பாலத்தடி வாவியில் தோணி எடுத்துப் பாடும் மீன் கேட்கப் போவோமா என்று தம்பிமார் கேட்கிறார்கள். கேட்போம், ஆனால் காற்றுக் குறைந்த இரவாக இருக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு அங்கியும் வேண்டும்.

ஓவியம் பற்றி ஒன்று. போன தடவை இறுதியாண்டுப் பிள்ளைகளின் காட்சிக்குப் போனபோது, நம் றோட்டில் மீன் விற்கும் மாமி ஒருவர் வாவிக் கரையில் வலை காயும் படத்துக்கு முன்னால் கனநேரம் நின்றார். பிறகு வரைந்த தம்பியைக் கூப்பிட்டு, "மனே, இந்தக் கண்ணி இப்படி முடியிறதில்ல" என்று தன் சேலைத் தலைப்பில் முடிச்சுப் போட்டுக் காட்டினார். அந்தத் தம்பி உடனே கொப்பியை எடுத்துக் கீறினான். இம்முறை இப்படிப் பத்து மாமிமாரையாவது கூட்டிப்போக வேண்டும்.

ஒரு குறையும் உண்டு. நிகழ்ச்சி விபரம் பல தடவை முதல் நாள் இரவுதான் நம் கைக்கு வந்தது. இனி மாதம் ஒருமுறை நாமே நேரில் போய் விபரம் எடுத்து, சந்திக் கடையில் எழுதி ஒட்டுவதாகத் தீர்மானம் வைக்கிறேன். அதை முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும்.

அடுத்த களரிக்கு மண் அள்ளவும் கம்பு நடவும் இரவில் பிளேன்ரீ ஊற்றவும் ஆட்கள் தேவை. கூட்டம் முடிந்து போகும்போது வாசலில் உள்ள கொப்பியில் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். பாய் இருப்பவர்கள், எத்தனை பாய் என்பதையும் எழுதுங்கள்.

செயலாளர்