விரலால் படித்துப் பார்த்த பிறகு அனுப்புங்கள்

பள்ளிப் பிள்ளைகளுக்கான பிரெய்லி நூல்களைத் தேர்ந்தெடுத்து, அச்சிட்டு, அனுப்பும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு,

வணக்கம்.

கதைப் புத்தகங்கள் மட்டுமே வந்துகொண்டிருந்த பிரெய்லி அலமாரிக்கு அறிவியல், சுற்றுச்சூழல் நூல்களும் வரத் தொடங்கியதற்கு முதலில் நன்றி. அந்த நன்றியை முழு மனதோடு சொல்லவிடாமல் செய்துவிட்டது, இந்தக் கல்வியாண்டில் வந்த பறவைகள் பற்றிய நூலின் ஒரு பக்கம்.

"படம் 3-ஐப் பார். ஐந்து பறவைகளின் அலகுகளும் எப்படி வேறுபடுகின்றன? எந்த அலகு எந்த உணவுக்கு ஏற்றது?" என்று அதில் கேட்டிருக்கிறது. அதன்கீழ் ஒரு வெற்று வரி. அடுத்து வேறு தலைப்பு. படிக்கும் பிள்ளையின் விரல் கீழே இறங்குகிறது, தாளின் ஓரம் வரை தடவுகிறது, பக்கத்தைப் புரட்டித் தேடுகிறது, மறுபடி கேள்விக்கே திரும்பி வருகிறது. படம் இல்லை. படத்துக்குப் பதிலாக ஒரு வரி விளக்கம்கூட இல்லை. கேள்வியை மட்டும் பிரெய்லியில் கொடுத்துவிட்டு, பதிலை அச்சுப் புத்தகத்திலேயே விட்டுவிட்டீர்கள். அந்தப் பிள்ளை தனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறது. எங்களால் பொறுக்க முடியாதது இதுதான்.

அதே நூலில் "கொக்கு" என்ற சொல் வரும் இடமெல்லாம் "கெஆக்கு" என்று இருக்கிறது. காரணம் உங்கள் கணினிப் பிரிவுக்குத் தெரிந்திருக்கும். பழைய எழுத்துருவில் இருந்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது, "கொ"வின் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவே தங்கிவிடுகின்றன. திரையில் பார்த்தால் கொக்கு கொக்காகத்தான் தெரியும். ஆனால் பிரெய்லியில் கொம்பும் காலும் கிடையாது. க-வுக்குப் பின் ஒ, அவ்வளவுதான். பிரெய்லிக்கு மாற்றும் மென்பொருள் அந்த இரண்டு குறிகளையும் எ, ஆ என்று இரண்டு உயிர்களாக மாற்றிவிடுகிறது. தட்டச்சில் காலுக்குப் பதில் "ர" அடிபட்டிருந்தால், "கால்" என்ற சொல் "கரல்" ஆகிவிடும். இந்தப் பிழைகளைத் திரையைப் பார்த்துத் திருத்துபவரின் கண் தாண்டிப் போய்விடும். விரல் முதல் வரியிலேயே நின்றுவிடும்.

அதனால்தான் கேட்கிறோம்: பிரெய்லி படிக்கும் ஒருவர் முதல் படியை விரலால் முழுக்கப் படித்து ஒப்புதல் தராமல் எந்த நூலையும் அச்சுக்கு அனுப்பாதீர்கள். அந்த வேலைக்கு உரிய ஊதியமும் கொடுங்கள்.

படங்களைப் பொறுத்தவரை, செய்ய முடியாது என்ற பதிலை ஏற்க மாட்டோம். செய்முறை ஒன்றும் புதிதல்ல. சில பிரதிகள் போதுமென்றால், சூடுபட்டால் புடைக்கும் ஸ்வெல் பேப்பர் இருக்கிறது. படத்தைக் கறுப்பு மையில் அதன்மேல் அச்சிட்டு, சூடேற்றும் கருவிக்குள் செலுத்தினால் கறுப்புக் கோடுகள் மட்டும் புடைத்து எழும். சூடு குறைந்தால் கோடு எழாது. கூடினால் வெள்ளைப் பரப்பும் உப்பி எது கோடு, எது தாள் என்று தெரியாது. நிறையப் பிரதிகள் வேண்டுமென்றால் நூல், அட்டை, உப்புத்தாள் ஒட்டி ஒரு மூலப்படம் செய்து, சூடாக்கிய பிளாஸ்டிக் தாளை அதன்மேல் படியவைத்து வடிவம் எடுக்கும் தெர்மோஃபார்ம் கருவியில் எத்தனை தாள்கள் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

ஆனால் அச்சுப் படத்தை அப்படியே புடைக்க வைத்துவிட்டால் வேலை முடியாது. விரல்நுனிக்குள் ஒரு பிரெய்லி எழுத்துதான் அடங்கும். படத்தைத் துண்டு துண்டாகத் தடவித்தான் பிள்ளை சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே கிளை, இறகு, நிழல் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, பக்கவாட்டில் தலையும் அலகும் மட்டும் வேண்டும். ஐந்தும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். ஒரு தாளுக்கு இரண்டுக்கு மேல் கூடாது. கோட்டுக்கும் கோட்டுக்கும், கோட்டுக்கும் எழுத்துக்கும் இடையில் குறைந்தது 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். பெயர்களைக் கடைசியில் சேர்ப்பதும் முக்கியம். எழுத்தோடு சேர்த்துப் படத்தைச் சுருக்கினால் பிரெய்லிப் புள்ளிகளும் சுருங்கி, யாராலும் படிக்க முடியாமல் போகும். படத்துக்கு முந்தைய பக்கத்திலேயே, "அலகுகள் வலப்பக்கம் நோக்கியுள்ளன, மேலே இருப்பது கிளி" என்று இரண்டு வரி கொடுத்துவிட்டால் விரல் தடுமாறாது.

இன்னொன்று. தகவல் நூலை யாரும் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிப்பதில்லை. வேண்டிய இடத்தைத் தேடிப் போவார்கள். 100 பக்க அச்சு நூல் பிரெய்லியில் 250, 300 பக்கமாகி இரண்டு மூன்று தொகுதிகளாகும். உங்கள் பொருளடக்கத்திலோ "ஆந்தை, பக்கம் 42" என்று அச்சுப் பக்க எண்ணே நிற்கிறது. எந்தத் தொகுதி, எந்தப் பிரெய்லிப் பக்கம் என்று சேர்க்க எவ்வளவு நேரமாகும்? தாளையும் கவனியுங்கள். 120 ஜி.எஸ்.எம்.முக்கு (சதுர மீட்டருக்கு 120 கிராம்) குறைந்த மெல்லிய தாளில் நாலு பேர் படிப்பதற்குள் புள்ளிகள் அமுங்கிவிடும். கட்டுகளைப் படுக்கவைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அனுப்பினால், படிப்பதற்கு முன்பே அமுங்கிவிடும்.

இதையெல்லாம் சொன்னால் கிடைக்கும் பதில், "ஆடியோ இருக்கிறதே, செல்போனில் கேட்கட்டும்" என்பது. பார்வையுள்ள பிள்ளைகளுக்கும் வீடியோ இருக்கிறது. அதற்காக யாரும் அவர்கள் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்குவதில்லை. ல, ள, ழ எங்கே வரும் என்பது காதால் கேட்டு வராது. எழுத்தைத் தொட்டுப் படித்தால்தான் வரும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, 18 வயது வரை நூல்களை இலவசமாகத் தரச் சொல்கிறது. படமும் நூலின் பகுதிதான். பதிப்பாளர் அனுமதி வரவில்லை என்றும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் லாப நோக்கமில்லாத பிரெய்லி மாற்றத்துக்கு வழிவிட்டிருக்கிறது. விழா மேடையில் பிள்ளைகள் கையில் நூலைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்பவர்கள், அந்த நூலுக்குள் ஒரு படமாவது இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டாமா?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை ஒன்றுதான்: விரலால் படித்துப் பார்த்த பிறகு அனுப்புங்கள். முதல் வேலையாக, அந்தப் பறவை நூலுக்கு ஐந்து அலகுகளின் புடைப்புப் படங்களை மூன்று தாள்களில் செய்து, கொக்கைத் திருத்திய பக்கங்களோடு, நூல் போன பள்ளிகளுக்கெல்லாம் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கேள்வி ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
பிரெய்லி மெய்ப்புத் திருத்துநர்களும் சிறப்பு ஆசிரியர்களும்